பந்தாய் கெராச்சுட்டில் ஆமைக்குஞ்சு பார்க்கப் போகிறவர்களுக்கு

தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் வீடு நிறைந்திருக்கும். கோலாலம்பூரிலிருந்து வந்த அக்கா குடும்பம் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கிய கால்வலியோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் அலுப்பே தெரியாது. "சித்தி, தெலுக் பஹாங் போவோமா? ஆமைக்குஞ்சைக் கையில எடுத்துக் கடல்ல விடலாமா?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

போகலாம். கையில் எடுக்க வேண்டாம். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பினாங்குக்கு முதல்முறை வருகிறவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கும் உதவும். பந்தாய் கெராச்சுட் என்பது தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் கடற்கரை.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியில் "ஆமை விடும் நிகழ்ச்சி" என்று ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். நல்ல உச்சிவெயில். நீலநிற பிளாஸ்டிக் தொட்டியில் ஐம்பது அறுபது குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துடுப்படித்துக்கொண்டிருந்தன. எப்போது பொரித்தவை என்று கேட்டேன். மூன்று நாள் ஆகிறது, விருந்தாளிகள் சேரட்டும் என்று வைத்திருந்தோம் என்றார்கள். வெயிலுக்குப் பூசிய களிம்பு ஒட்டிய கையில் ஒன்றை வாங்கி, முகத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, முழங்கால் அளவு தண்ணீரில் விட்டேன். அன்றைக்கு அது புண்ணியம் என்றே நினைத்தேன். அந்தக் குஞ்சுக்கு நான் செய்தது என்ன என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

குஞ்சின் முதல் நாள்

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற விதிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாய் ஆமை ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு, மண்ணை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அடைகாப்பது மணலின் சூடுதான். ஐம்பது அறுபது நாளில் பொரிக்கும். ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே முடிவு செய்கிறது. 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் போகப் போகப் பெண், குறையக் குறைய ஆண். முட்டை இட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைத் திருப்பினால் கரு செத்துப்போகும். அதனால்தான் பாதுகாப்புப் பணியாளர்கள் இரவோடு இரவாக, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஆர்வத்தில் ஒரு முட்டையைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பவர், அது பொரிக்கும் என்று நம்பிப் போகிறார். பெரும்பாலும் பொரிக்காது.

ஓட்டை உடைத்த குஞ்சு உடனே வெளியே வந்துவிடுவதும் இல்லை. மணலுக்கு அடியிலேயே சில நாள் கிடந்து, உடன்பிறந்தவற்றோடு சேர்ந்து முண்டிமுண்டி மேலே ஏறும். மேல்மணல் குளிர்ந்தால் இரவாகிவிட்டது என்று அவற்றுக்குத் தெரியும். பிறகு எல்லாம் ஒன்றாகப் பொங்கி வரும். ஒரு சட்டிப் பால் பொங்கி வழிவதுபோல் இருக்கும் என்று என் அக்கா மகள் சொன்னாள். அதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அதற்குக் கட்டுச்சோறு. அந்தச் சோற்றை நம்பித்தான் முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் மொய்க்கும் கரையோரத்தைத் தாண்டுகிறது. இந்த வேகம் பிறந்தவுடன் உச்சத்தில் இருந்து, நேரம் போகப் போகக் குறையும். தொட்டியில் போட்டாலும் குஞ்சு சும்மா இருக்காது. கடலில் இருப்பதாக நினைத்து அடித்துக்கொண்டே இருக்கும். கடலைக் கடக்க வைத்திருந்த பலத்தைப் பிளாஸ்டிக் சுவரில் முட்டிமுட்டித் தீர்த்துவிடும். நான் அன்று தண்ணீரில் விட்டது, சோறு தீர்ந்துபோன ஒரு குஞ்சை.

மணலில் தவழ்ந்து போவதும் வீண் நடை இல்லை. தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இருண்ட மரக்கூட்டத்துக்கு முதுகைக் காட்டும். தண்ணீரில் இறங்கியதும் அலை வரும் திசைக்கு எதிரே நீந்தும். அதற்கு அப்பால் பூமியின் காந்தப்புலம் வழிகாட்டும். பிறந்த கரையின் அடையாளமும் இந்தப் பருவத்தில்தான் அதற்குள் பதிகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பேராமை எனப்படும் பச்சைக் கடலாமை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் முட்டையிடும் வயதுக்கு வரும். அப்போது தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடித் திரும்பும். ஆயிரம் குஞ்சுக்கு ஒன்று அந்த வயதை எட்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். தூக்கிக்கொண்டு போய் அலையில் விடுவது அந்த நடையை அதனிடமிருந்து பறிப்பது.

அதனால் பிள்ளைகளிடம் "ஆமை விடப் போறோம்" என்று நான் சொல்வதில்லை. "ஆமைக்கு வழி விடப் போறோம்" என்றுதான் சொல்கிறேன்.

எப்போது போவது

பந்தாய் கெராச்சுட்டில் இரண்டு வகை கரையேறுகின்றன. ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேராமை. மலாய்க்காரர்கள் இதைப் பென்யு ஆகார் என்பார்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை சிற்றாமை; தமிழ்நாட்டில் பங்குனி ஆமை என்பது இதைத்தான், இங்கே பென்யு லிப்பாஸ். பொரிப்பகப் பணியாளர்களிடம் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேச்சு எளிதாக நகரும். முட்டையிட்டு இரண்டு மாதத்தில் பொரிக்கும் என்பதால் குஞ்சு வரும் காலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்குச் சிற்றாமைக் குஞ்சு பார்க்கும் வாய்ப்பு உண்டு. தீபாவளி விடுமுறையிலும் உண்டு, ஆனால் அந்த மாதங்களில் பினாங்கில் மழை கொட்டும், காட்டுப்பாதை வழுக்கும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இன்ன தேதியில், இத்தனை மணிக்குக் குஞ்சு நிச்சயம் என்று யாராவது முன்பதிவு எடுத்தால் யோசியுங்கள். குழிக்குள் இருப்பது கடிகாரம் பார்ப்பதில்லை. தேதி நிச்சயமாக வேண்டுமென்றால் யாரோ எங்கோ குஞ்சுகளைத் தொட்டியில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். போன அன்று ஒன்றுமே பொரிக்காமல் இருக்கலாம். அப்படித் திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய. அப்போதும் காடும் கடலும் இருக்கின்றன.

போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்கலாம். படகுத்துறையிலேயே 101ஆம் எண் ரேபிட் பினாங்கு பேருந்து கிடைக்கும். கொம்தார், பத்து ஃபெரிங்கி வழியாக தெலுக் பஹாங் போய்ச் சேரும். சாலை நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அங்கேயே பசியாறிக்கொள்ளுங்கள், தேசியப் பூங்காவுக்குள் கடை கிடையாது.

பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. நாட்டின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. நுழைவாயில் முகப்பில் பெயரைப் பதிய வேண்டும். ஐசியோ (அடையாள அட்டை) கடப்பிதழோ கையில் இருக்கட்டும். பாதை திறந்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். மண் சரிந்தால் சில காலம் மூடிவிடுவார்கள். சற்று உள்ளே போனதும் பாதை பிரியும். கரையோரமாகப் போவது குரங்குக் கடற்கரைக்கும் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும். மேட்டில் ஏறிக் காட்டுக்குள் நுழைவதுதான் கெராச்சுட்டுக்கு. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேர்களே படிக்கட்டு. செருப்போடு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சப்பாத்து போட்டு விடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். பறித்த பையும் கடைசியில் கடலுக்குத்தான் போகும். முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து படகில் வரலாம். போக வர இரண்டுக்கும் சேர்த்து விலை பேசி, திரும்ப அழைக்க வரும் நேரத்தையும் முடிவு செய்துகொண்டு ஏறுங்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம்.

கடற்கரைக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஏரி. ஆண்டில் சில மாதங்கள் அதில் அடியில் உப்புநீரும் மேலே நன்னீரும் ஒன்றோடொன்று கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும். வறண்ட காலத்தில் வெறும் சேறாகவும் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியாது. இருந்தாலும் அந்தப் பாலத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பும் சொறிமீனும் உண்டு.

பொரிப்பகத்தில்

மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் கடற்கரையின் ஒரு கோடியில் இருக்கிறது. 1990களிலிருந்து இயங்குகிறது. வேலி போட்ட மணல் பாத்தியில் ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடையாளப் பலகை, முட்டை இட்ட தேதி, எண்ணிக்கை. அதை நிதானமாகப் படியுங்கள். எந்தக் குழி எப்போது பொரிக்கும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தொட்டியில் ஆமை இருந்தால் கையை விடாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள், எதையும் போடாதீர்கள். பணியாளர்கள் வேலை இல்லாத நேரத்தில் கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். "இன்றைக்கு விடுவீர்களா?" என்று பத்துப் பேர் சூழ்ந்து நச்சரித்தால் அவர்களுக்கும் சங்கடம்.

நீங்கள் போன நேரம் குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அல்லது வேறு கடற்கரையில் இரவுத் தங்கலில் அந்த வாய்ப்புக் கிடைத்தால், இப்படி நடந்துகொள்ளுங்கள்.

இருட்டிய பிறகோ விடிவதற்கு முன்போ நடப்பதுதான் சரியான முறை. பகலில் பருந்தும் மீனும் பார்த்துக்கொண்டிருக்கும், மணலும் சுடும். கைபேசி விளக்கை அணையுங்கள், பளிச்சிடும் படம் வேண்டவே வேண்டாம். வழி தெரியச் சிவப்பு வெளிச்சம் போதும், அதையும் தரையை நோக்கிப் பிடியுங்கள். ஆமையின் கண் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை. கடலுக்கும் குஞ்சுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் பின்னால், ஒரே வரிசையில். நின்ற இடத்திலிருந்து காலை எடுக்காதீர்கள். இருட்டில் உள்ளங்கைக்கும் சிறிய குஞ்சு ஒன்று வரிசையை விட்டு விலகி உங்கள் காலடிக்கு வந்திருக்கலாம். கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கியது என்று பணியாளர் சொன்ன பிறகு நகருங்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. குஞ்சு போகப்போகும் மணலைச் சமப்படுத்துவது. நம் கால்தடம் அதற்கு ஒரு பள்ளத்தாக்கு. கட்டையையும் அறுந்த வலைத்துண்டையும் போத்தல் மூடியையும் பொறுக்கி எடுத்தால் அந்த நடையின் சிரமம் குறையும். பிள்ளைகளுக்குக் கையில் தொட்டுச் செய்ய ஏதாவது வேண்டும். இதைக் கொடுத்தால் மனம் வைத்துச் செய்கிறார்கள்.

ஒரு குஞ்சு அலையில் புரண்டு திரும்பி வரும். மனம் பதைக்கும். எடுத்து உள்ளே வீசத் தோன்றும். விட்டுவிடுங்கள், அடுத்த அலையில் போகும். உண்மையிலேயே தளர்ந்துவிட்டால் பணியாளர் பார்த்துக்கொள்வார். கையுறை போட்டு ஒன்றை மணலில் வைக்கச் சொல்லி அவரே உங்களிடம் தந்தால், ஓட்டின் இருபக்கமும் மெல்லப் பிடித்து, கடலுக்குச் சற்றுத் தொலைவில் மணலில் இறக்கி வைத்து, கையை எடுத்துவிடுங்கள். கொசுமருந்தோ வெயில் களிம்போ பூசிய வெறுங்கையால் கூடாது.

யாரும் இல்லாத இடத்தில் கண்ணில் பட்டால்

பூங்காவின் இன்னொரு கடற்கரையான தெலுக் கம்பியிலும் ஆமை ஏறுகிறது. விடுதிகளின் விளக்கு வெளிச்சம் நிறைந்த மற்ற கரைகளில் குஞ்சுகள் திசை மாறிச் சாலைப்பக்கம் போய்விடும். அப்படிப் பார்த்தால் முதலில் அருகிலுள்ள விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். உடனே மீன்வளத் துறைக்கோ பூங்கா அலுவலகத்துக்கோ அழையுங்கள். பயணம் கிளம்பும் முன்பே அந்த எண்களைக் கைபேசியில் போட்டுவைப்பது நல்லது. சாலையில் மிதிபடும் நிலையில் இருந்தால் மட்டும் எடுத்து, கொஞ்சம் ஈரமணல் போட்ட பெட்டியில் வைத்து, துணியால் மூடி இருட்டாக்கி நிழலில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். குழாய்த்தண்ணீரில் போடவே கூடாது. தீனியும் தேவையில்லை.

தாய் ஆமை கரையேறுவதைக் கண்டால் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள். முட்டையிட இடம் தேடும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். வலையில் சிக்கிய, அடிபட்ட ஆமை கரையில் கிடந்தால் துடுப்பைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளாதீர்கள். தளர்ந்த ஆமை மூழ்கி மூச்சடைத்துச் செத்துப்போகும். முதுகு ஓட்டின் மேல் ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல், நிழல் கொடுத்துக் காத்திருங்கள்.

முட்டை, ஓடு

இதைச் சொல்லாமல் ஆமையைப் பற்றிப் பேச முடியாது. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் கடலாமைகளிலேயே மிகப் பெரிதான ஏழுவரி ஆமை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் இட்டது. அதைப் பார்க்க உலகமே வந்தது. தலைமுறை தலைமுறையாக முட்டையை எடுத்து விற்றார்கள், கடலில் வலைகள் மிச்சத்தை எடுத்தன. இன்று அந்தக் கரையில் ஏழுவரி ஆமை ஏறக்குறைய இல்லை. மலேசிய அரசமைப்பில் ஆமைகள் மாநிலங்களின் பொறுப்பு என்பதால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். திரங்கானுவே 2022இல்தான் எல்லா வகை ஆமை முட்டை வணிகத்துக்கும் முழுத் தடை போட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், சந்தையில் யாராவது "உடம்புக்கு நல்லது" என்று நீட்டினால் வாங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் பழக்கத்தில் கேட்டாலும், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அழுங்காமை என்ற கடலாமை வகையின் ஓட்டில் செய்த சீப்பு, வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம். கடலாமை வகை எல்லாமே பன்னாட்டு வணிகத் தடையில் உள்ளவை. சென்னைக்குப் பரிசாக எடுத்துப்போனால் விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள்.

பினாங்கு வர நேரமில்லாத கோலாலம்பூர்க்காரர்களுக்கு மலாக்காவின் பாடாங் கெமுந்திங் பக்கம், அங்கே அழுங்காமை. வடக்கே பேராக்கில் லுமுட்டுக்கு அருகே செகாரி. ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர்கள் ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங்கில் மலேசியத் திரங்கானுப் பல்கலைக்கழகம் நடத்தும் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான்: குஞ்சு பொரித்து எவ்வளவு நேரம் ஆகிறது, இருட்டில் விடுகிறீர்களா, தானாக நடக்க விடுகிறீர்களா. முதல் கேள்விக்கே பதில் மழுப்பினால் காசைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

கிளம்பும் முன் கடைசி வேலை, பிள்ளைகள் தோண்டிய குழிகளையும் கட்டிய மணல் கோட்டைகளையும் மூடிச் சமப்படுத்துவது. இரவில் ஏறும் தாய் ஆமை குழியில் விழுந்தால் மீள்வது கடினம், குஞ்சு விழுந்தால் நண்டுக்கு இரைதான். போன தைப்பூசத்தில் எங்களுக்குக் குஞ்சு பார்க்கக் கிடைக்கவில்லை. அலுத்துக்கொள்வானோ என்று நினைத்த அக்கா மகன், தன் குழியை மூடியதோடு நிற்காமல் கரை நெடுக யார் யாரோ தோண்டிப் போட்டிருந்ததையெல்லாம் காலால் தள்ளி மூடிக்கொண்டே போனான். படகுக்காரர் அவனை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.